மிச்சமிருந்த ஐந்தடி

திருமங்கலத்துப் பஞ்சுக் கிட்டங்கியில் எடை போடும் முத்திருளன், நாலு வாய் சோறு தின்ன அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். "அண்ணே, மெல்லுறீகளா, எண்ணுறீகளா?" என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துவைப்பார். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்.

தொண்ணூற்றாறில் அவருக்குக் குடல் முறுக்கி அழுகிவிட்டது. மதுரையில் வெட்டி எடுத்தார்கள். இருபதடிச் சிறுகுடலில் ஐந்தடிதான் மிச்சம். டாக்டர் மீனலோசனி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"சோறு வாயில இருக்கப்பவே எச்சில் அதைக் கரைக்க ஆரம்பிச்சிரும். இரைப்பை அமிலம் விட்டுக் கடையும். ஆனா சத்தை உறிஞ்சி ரத்தத்துல சேக்குறது பெரும்பாலும் சிறுகுடல்தான். பூத்துண்டுல நூல் நீட்டிக்கிட்டு நிக்குமே, உள்ள அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு அது குறைஞ்சு போச்சு. ஆறு வேளையா, கொஞ்சங்கொஞ்சமா மென்னு சாப்பிடுங்க. கொழுப்புக் கறி வேணாம். உறிஞ்சுறதுக்குள்ள ஓடிரும்."

சோறு ஓடினால் அவரும் கக்கூசுக்கு ஓட வேண்டும், அரை மணிக்குள். இதை யாரிடம் சொல்வது? கூடப்பிறந்த தங்கையிடம்கூட ஏதோ வயிற்று ஆபரேஷன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். கல்யாணப் பேச்சை அவரே நிறுத்தினார். பாழாய்ப்போன வெட்கம் அவரை ஒற்றை அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அடுத்த வருடம் எழுமலையில் தங்கை ரெங்கம்மாள் புதுவீடு புகுந்தாள். கறி விருந்து. அந்த வீட்டில் கக்கூஸ் கிடையாது, கண்மாய்க் கரைதான். முத்திருளன் பசியில்லை என்று சொல்லி, இலையில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். அந்தப் பக்கத்தில் உடன்பிறந்தவன் கை நனைக்காமல் போனால் உறவு வேண்டாம் என்றுதான் அர்த்தம். ரெங்கம்மாள் நாலு வருடம் பேசவில்லை. அவருக்கு அவளை விட்டால் நாதியும் இல்லை.

பிறகு அவள் மகன் சிவக்குமாருக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாதே. வேறு வழியில்லாமல் சொல்லி அனுப்பினாள்.

மடியில் பிள்ளை அழுது ஓய்ந்தது. இலை போட்டார்கள். ரெங்கம்மாள் கறிச் சட்டியோடு எதிரே நின்றாள். பரிமாறவில்லை, பார்த்தாள்.

"இன்னைக்கும் பசியில்லையாண்ணே?"

"நல்ல பசி. அள்ளி வையி தாயி."

அவர் கொழுப்பும் எலும்புமாய்த் தின்றார். மறுசோறு கேட்டு வாங்கினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இலையை மூடிய கையோடு கண்மாய்ப் பக்கம் நடந்தவர், பொழுது சாயும்வரை கருவேலம் புதருக்குப் பின்னால் கிடந்தார். தின்றதில் பாதிகூட உடம்பில் ஒட்டவில்லை. நாக்கு வறண்டது, கால் நடுங்கியது. இருட்டியபின் யாரிடமும் சொல்லாமல் கடைசி பஸ் பிடித்தார்.

மூன்றாம் நாள் கிட்டங்கிக்குப் போன் வந்தது.

"அண்ணே, நீ கை நனைச்சதை ஊரெல்லாம் சொல்லிட்டேன். நாலு வருசம் ஆறாம கெடந்த மனசு ஆறிருச்சு. பொங்கலுக்கும் வா. கெடா வளக்குறேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால், அண்ணனுக்கு அந்தக் கறியைத் தன் கையாலேயே அள்ளி வைத்தோமே என்று அவள் காலமெல்லாம் அழுவாள்.

"வாரேன் தாயி. கொழுத்த கெடாவா பாரு," என்றார்.

போனை வைத்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து குழைந்த சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டு, எப்போதும்போல் தனியாக மெல்லத் தொடங்கினார்.