தெரியாத நம்பரிலிருந்து ஒரு மிஸ்ஸி

தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். காலையில் ரத்தம் எடுப்பேன், மதியம் ரிசல்ட் சொல்லப் போன் போட்டுத் திட்டு வாங்குவேன். முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. மோசடிக்காரர்கள் பெருகிய பிறகு 'ஹலோ' என்றாலே குற்றவாளிதான்.

முதலில் நீ யார்?

ரிசல்ட் சொல்லும் முன், பேசுவது அவர்தானா என்று ஐசி என்கிற அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்தைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதைக் கேட்பவன்தான் மோசடிக்காரன் என்பது ஊர் முழுக்கச் சொல்லிவைத்த பாடம். நடுவில் நான். தையல்கடை சரோஜா அக்காவுக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறது என்ற நல்ல சேதியைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்க ஐசியப் படம் எடுத்து அனுப்புங்க. என் மருமகன் பாத்து ஓகேன்னா அப்புறம் பேசலாம்."

கறிக்கடைப் பரீட்சை

மளிகைக்கடை பாய் ஒருவர் எனக்குப் பரீட்சையே வைத்தார். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடை எந்தப் பக்கம்? நான் சைவம், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. உண்மையைச் சொன்னேன். "தேக்காவுல வேலை பாக்குறீங்க, கறிக்கடை தெரியாதா? வேற ஆளப் பாருங்க லா."

சின்ன ஊசி

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் மாணிக்கம் அங்கிள் ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் எடுத்த அவர் ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. இதயம் எந்த நேரமும் நிற்கலாம், உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நான் "ஐசி" என்று ஆரம்பித்ததுமே அங்கிள் வைத்துவிட்டார். இரண்டாவது தடவை, போலீஸில் சொல்வேன் என்று மிரட்டினார்.

மூன்றாவது தடவை விதியை மறந்தேன். "அங்கிள், காலையில ஊசியப் பாத்ததும் கண்ண மூடிக்கிட்டு, முருகா முருகான்னு என் சட்டையப் புடிச்சுக்கிட்டீங்க. வெளிய இருந்த ஆன்ட்டிகிட்ட சொல்லாதீங்கன்னீங்க. நான் சொல்லல." அங்கிள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அது நம்ம ரெண்டு பேருக்குந்தான் தெரியும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், மிஸ்ஸி?"

மறுபடியும் அவரே

பிழைத்துக்கொண்டார். போன மாதம் அவருக்கு மறுபடியும் ஒரு ரிசல்ட் சொல்ல வேண்டியிருந்தது. என் குரல் நன்றாகத் தெரிந்தும் அவர் விடவில்லை: "இருங்க. அன்னிக்கு நான் எந்தச் சாமியக் கூப்பிட்டேன்? அதச் சொல்லுங்க முதல்ல."

ஒரு பயம் அவரைக் கொல்லப் பார்த்தது, இன்னொரு பயம் காப்பாற்றியது. இத்தனையும் பார்த்த பிறகும், தெரியாத நம்பர் வந்தால் நானும் எடுப்பதில்லை.