நான் விட்ட கோரை

எனக்கு வாய்த்துடுக்கு உண்டு, கோபமும் உண்டு. ஆனால் சூது கிடையாது என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், பாகப்பிரிவினை நடந்த அந்த வருஷம் வரைக்கும்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலையைப் பார்த்தபடி எட்டு ஏக்கர். என் மாமனாருக்கு அவர் அப்பாவிடமிருந்தும், அவருக்கு அவர் அப்பாவிடமிருந்தும் வந்த நிலம். நடுவில் கிணறு. கிணற்றுக்கு மேற்கே கரிசல், அது மேல்காடு. கிழக்கே சரளை கலந்த செம்மண், அது கீழ்காடு. நான் கல்யாணமாகி வந்தபோது கீழ்காட்டில் கொள்ளு விதைத்தால் கொள்ளே கோபித்துக்கொள்ளும்.

அந்தக் காட்டை மண்ணாக்கியது நான். ஒவ்வொரு கோடையிலும் ஏரி வற்றியதும் வண்டி கட்டிப் போய் வண்டல் அடித்துக் கொண்டுவந்து கொட்டினேன். ஆறு கோடை. ஏரி வண்டலோடு கோரைக் களையின் கிழங்கும் சேர்ந்து வரும். மழை பெய்து முளை தெரிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கிழங்கு விடாமல் தோண்டி எடுத்து வெயிலில் காய வைத்துக் கொளுத்துவேன். ஆறாம் வருஷம் அங்கே சோளம் என் தலைக்கு மேல் நின்றது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் காலமானார். கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தை பிறந்ததும் பிரித்துக்கொள்வது என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். கோணலாகப் பங்கு வைத்தால் வைத்தவருக்கே நஷ்டம். என் வீட்டுக்காரர் கிணற்றைப் பொதுவில் விட்டு, மேல்காடு ஒரு பங்கு, கீழ்காடு ஒரு பங்கு என்று வைத்தார். என் வண்டலால் இரண்டும் சமமாகியிருந்தன. அதுதான் எனக்கு வினையாயிற்று. கொழுந்தனார் கையைக் கீழ்காட்டின் பக்கம் நீட்டிவிட்டால் என் ஆறு கோடையும் போச்சு.

அதனால் அந்த ஐப்பசி மழைக்கு முளைத்த கோரையை நான் தொடவில்லை. களை வெட்ட வந்த பெண்களை மேல்காட்டுக்கே அனுப்பினேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு, துக்கம் நடந்த வீட்டில் கை எங்கே ஒழிகிறது என்று மழுப்பினேன். தை வருவதற்குள் கீழ்காடு பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் கை களைக்கொத்தைத் தேடியது. ஆனாலும் விட்டேன்.

பங்கு எடுக்கிற அன்று காலையில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கொழுந்தனார் இரண்டு காட்டையும் ஒரு சுற்று சுற்றினார். கீழ்காட்டில் குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போட்டார். திரும்பி வந்து, மேல்காட்டை எடுத்துக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னார். எனக்கு அப்படியே துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, வரப்பில் வேலிக்குக் கிளுவைக் குச்சி நட்டுக்கொண்டிருந்தோம். என் கையிலிருந்து குச்சியை வாங்க வந்த கொழுந்தனார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நங்கை, கீக்காட்ட எடுக்கோணும்னு நான் ஒருநாளும் நெனைக்கலீங்க. நீங்க வண்டல் கொட்டி உண்டாக்குன மண்ணு. அத நான் எடுத்தா நல்லா இருக்குமுங்களா?”

வாய்த்துடுக்குக்காரி நான், குனிந்து அடுத்த குச்சியை எடுத்து நீட்டினேன்.

கோரை ஒரு பருவம் காலூன்றிவிட்டால் லேசில் போகாது. அடுத்த வருஷம் தோண்டினேன், அதற்கடுத்த வருஷமும் தோண்டினேன். ஒரு கிழங்கை எடுத்தால் அடியில் நான்கு நின்றன. மூன்றாம் வருஷம் அது கிளுவை வேலிக்கு அடியில் நுழைந்து மேல்காட்டில் தலைகாட்டியது.

அதைப் பார்த்த மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி, கொழுந்தனார் காட்டில் உட்கார்ந்து தோண்டினேன். கொஞ்ச நேரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்தார். மாட்டைக் கட்டிவிட்டு, தானும் ஒரு கொத்தோடு வந்து பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“இந்தக் கோரைய வேணும்னே உட்டது நாந்தானுங்க. நீங்க கீக்காட்ட எடுத்துருவீங்களோன்னு பயந்துட்டு உட்டேன்.”

அவர் தலை நிமிரவில்லை.

“தெரியுமுங்க நங்கை. வண்டல் கொட்டுன ஆறு வருசமும் ஒரு கோரைய உடாத கையி, அந்த வருசம் மட்டும் எப்படிங்க உட்டிருக்கும்?”

அவர் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து வரப்பில் போட்டார். பிறகு, கிழங்கு பாதியில் அறுந்து உள்ளே நின்றுவிடாமல் ஆழமாகக் கொத்தச் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆழமாகக் கொத்தினேன்.