ரேவதி அக்காவுக்காக மூன்று தட்டு

டெல்லி ஜனவரிக் குளிரில் அந்த ஜனக்புரி ஹால் முழுக்க அந்துருண்டை வாசனை அடிக்கும்... அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து வெளியே வந்த பட்டுப்புடவைகள், சால்வைகள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் என் செகண்ட்ஹேண்ட் லேப்டாப். அதன் ஃபேன் விடுகிற சூட்டில் விரல்களைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில், நாலா எனும் சாக்கடைக் கால்வாய் ஓரம். ஆர்க்கெஸ்ட்ரா வைக்க மனசு வராத தமிழ்ச் சங்கங்கள் என்னைக் கூப்பிடும். பாட்டின் இசை முழுவதையும் மிடியில், அதாவது கம்ப்யூட்டரில் நோட்டு நோட்டாகப் பதிவாகும் முறையில், வாசித்து வைத்திருப்பேன். மேடையில் ஆள் பாட, நான் லேப்டாப்பில் ஓடவிடுவேன்.

மிடியில் பெரிய வசதி ஒன்று உண்டு. பாடுகிறவருக்குச் சுருதி ஒத்துவரவில்லையா? எல்லா நோட்டையும் செலக்ட் செய்து அம்புக்குறியைத் தட்டினால் போதும். ஒரு தட்டுக்கு அரை ஸ்வரம் ஏறும், அல்லது இறங்கும். மொத்தப் பாட்டும் நகர்ந்துவிடும். இரண்டு நொடி வேலை.

டிரம்ஸை மட்டும் தொடக்கூடாது. அதில் ஒவ்வொரு நோட்டும் ஒரு வாத்தியம். நகர்த்தினால் வாத்தியமே மாறிவிடும்.

அந்தப் பொங்கல் விழாவில் ஒரு பெரிய அதிகாரியின் மகள் பாடினாள். பல்லவி பாதியில் நிறுத்திவிட்டு, "அங்கிள், ஸ்கேல் ரொம்ப ஹை... தோடா கம் கரோ நா" என்றாள்.

சங்கத்துச் செயலாளர் என் மேஜைக்கே ஓடி வந்தார். "தம்பி, குழந்தை கஷ்டப்படறா பாரு. இறக்கிக் கொடுப்பா. ஒரு நிமிஷம்தானே!"

இறக்கினேன். போதவில்லை என்றாள். மறுபடி இறக்கினேன். "இப்ப ரொம்ப லோ" என்றாள். ஏற்றினேன். ஹால் பொறுமையாகக் காத்திருந்தது. சிரித்துக்கொண்டுகூட இருந்தது.

அடுத்தது ரேவதி அக்கா.

எங்கள் கேம்ப் அக்கா. பக்கத்து ஜங்புராவில் மூன்று வீடுகளில் சமையல். கேம்ப்பில் அம்மன் கோயில் திருவிழா என்றால் அக்கா குரல்தான். இந்த விழாவில் அம்மன் பாட்டைப் பாடவேண்டிய பெண் கடைசி நேரத்தில் வரவில்லை, அதனால்தான் அக்காவுக்கு வாய்ப்பே. பொங்கல் அன்றைக்கு லீவா என்று வேலை வீட்டில் திட்டு வாங்கி, பக்கத்து வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நிஜ மேடையில், நிஜ மைக்கில் முதல் தடவை. ஒத்திகை கிடையாது. டிராக் அந்த வராத பெண்ணின் சுருதியில் இருந்தது. அக்கா குரலுக்கு அது எட்டாது. மூன்று தட்டு இறக்க வேண்டும்.

"சார், ஒரு நிமிஷம். சுருதி மாத்தணும்."

"அதெல்லாம் டைம் இல்லப்பா. சீஃப் கெஸ்ட் கிளம்பணும். இருக்கறதுலயே பாடச் சொல்லு."

"இப்பப் பாடின பொண்ணுக்கு மாத்தச் சொன்னீங்களே சார்?"

"அது வேற. நீ போடு, ஜல்தி."

என்ன வேற? இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் செலக்ட் செய்து மூன்று தட்டு தட்டிவிட்டு ஓடவிட்டேன். கோபத்தில் டிரம்ஸும் சேர்ந்து இறங்கிவிட்டது.

விளைவு என்ன தெரியுமா? தாளத்துக்கு நடுவே 'டிஸ் டிஸ்' என்று ஓடவேண்டிய ஹை-ஹாட், மூன்று படி கீழே இருந்த வாத்தியமாகிவிட்டது. அந்த இடத்தில் இருப்பது கைதட்டல். ஸ்பீக்கர் முழுக்க நிற்காமல் கைதட்டல்!

முன்வரிசையில் சிரித்தார்கள். செயலாளர் என் தோளைப் பிடித்து, "என்னடா இது, நிறுத்து!" என்று பல்லைக் கடித்தார்.

நிறுத்தப் போனேன். அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மேடை லைட் கண்ணில் அடிக்கிறது, எதிரே அவளுக்கு இருட்டு. அந்த இருட்டிலிருந்து கைதட்டல் வருகிறது. மொத்த ஹாலும் தனக்காகத் தாளம் போடுகிறது என்று நினைத்துவிட்டாள்... தோள் நிமிர்ந்தது. குரல் திறந்துகொண்டது. திருவிழாவில்கூட அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

நான் கையை எடுத்துவிட்டேன்.

பாட்டு முடிந்த அடுத்த நொடி, "அடுத்து பரிசளிப்பு" என்று அறிவிப்பு வந்தது. கேம்ப் ஆட்களுக்குப் பாஸ் தரவில்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் கைகளும் சால்வைக்குள் இருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. எங்களை அதற்கப்புறம் கூப்பிடவும் இல்லை.

மெட்ரோவில் திரும்பும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தே சிரித்துக்கொண்டு வந்தாள். "டேய் சதீசு, பெரிய மனுஷங்கடா. எப்பிடி கை தட்டுனாங்க பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

இப்போது நொய்டாவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. இங்கிருக்கும் சாஃப்ட்வேரில் பாட்டு முழுவதற்கும் ஒரே பட்டன். அழுத்தினால் எல்லாம் நகரும், டிரம்ஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தத் தப்பு நடக்கவே வழியில்லை.

கேம்ப் இல்லை. இடித்துவிட்டார்கள். அக்காவுக்கு ஊரின் மறுகோடியில், நரேலாவில் வீடு கிடைத்தது, எங்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவிலிருந்து காலை டிபனுக்குள் ஜங்புரா வந்து சேர முடியுமா? மூன்று வீட்டு வேலையும் போனது. வீடு இடிந்த வாரம் அந்த ஹால்காரர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது... மேடையில் பெரிய பேனர், 'தமிழர் ஒற்றுமை'.

நேற்று அக்காவுக்கு போன் செய்தேன்.

"ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வாக்கா. அந்த அம்மன் பாட்டு, உன் சுருதியிலயே வச்சிருக்கேன்."

"பூட்டுன ரூமுக்குள்ள தனியா என்னத்தடா பாடறது? அன்னிக்கி மாதிரி கை தட்ட ஆளு இருந்தா சொல்லு, வரேன்."

"இருக்காங்கக்கா. வா."

போனை வைத்துவிட்டுப் பாட்டைத் திறந்தேன். டிரம்ஸை மட்டும் செலக்ட் செய்தேன். மூன்று தட்டு கீழே.

இந்தத் தடவை தெரிந்தே.