சத்தம் நின்றால் விழிப்பவள்

கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் கார் நின்றது. எஞ்சின் தானாக அணைந்தது. மெத்தென்று ஓர் அமைதி வந்து இறங்கியது. பின்சீட்டில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்தாள். பச்சை விழுந்து எஞ்சின் முனகியதும் இமைகள் மறுபடி தாழ்ந்தன. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: இவளை எழுப்புவது ஹாரன் இல்லை, வெயில் இல்லை. சத்தம் நிற்பதுதான்!

அக்காவின் மகள், கைக்குழந்தை. தொட்டில் ஆகாது; ஓடும் காரில்தான் தூக்கம். அதனால் ஞாயிறு மத்தியானங்களில் அத்திம்பேரும் நானும் அவளை மாட்டுங்காவிலிருந்து செம்பூர்வரை சும்மா கூட்டிப்போய் வருவோம். ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் அக்கா கண்ணயர்வது அப்போது மட்டும்தான். குழந்தை பாதியில் அழுதால் பாலுக்குத் திரும்ப வேண்டும். அக்காவின் தூக்கமும் போச்சு.

"அத்திம்பேர், ஸ்டீரிங் பக்கத்துல இருக்கற அந்தப் பட்டனை அமுக்கினா சிக்னல்ல எஞ்சின் தானா நிக்காது."

"பெட்ரோல் மிச்சமாறதேடா!"

"அக்கா மிச்சமாக வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே அமுக்கினார். அன்று கார் ஓடவில்லை, மிதந்தது. மர நிழல்கள் கண்ணாடியில் வழிந்தன. குழந்தையின் மூச்சும் எஞ்சினும் ஒரே சுருதி. எனக்கே சொக்கியது.

அடுத்த ஞாயிறு, அதே சிக்னல். எஞ்சின் அணைந்தது, குழந்தை வீரிட்டாள். ஒருமுறை அமுக்கினால் போதும், ஃபேன் சுவிட்ச் மாதிரி அப்படியே கிடக்கும் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் கார் போன தடவை அமுக்கியதை மறந்துவிடுகிறது. வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள், பாதிக் கனவு கண்ணில் ஒட்டியிருக்க. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க இந்தப் பட்டனைப் பற்றி டிரைவர்களைத் துளைத்தெடுத்தேன். ஐரோலிக்குப் போகும் எங்கள் ஆபீஸ் கேப்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எஞ்சின் நின்னா ஏசி காத்து சூடாயிடும் சார். பெல்ட் மாட்டுற கையோட அதை ஆஃப் பண்ணிடுவேன். தனியா ஞாபகம் வெச்சுக்க மாட்டேன், ஆதத் ஆயிடுச்சு, கைப்பழக்கம்."

தாராவி டாக்சிக்காரர் நேர் எதிர். "நான் தொடவே மாட்டேன் தம்பி. சிக்னல்ல வண்டி மூச்சடங்கி நிக்கும்லா, இந்த ஊர்ல எனக்குக் கெடைக்குத அமைதியே அதான். அதையும் அமுக்கச் சொல்லுதீங்களா?"

அவர் வண்டி சிக்னலில் நின்றபோது நானும் காதுகொடுத்தேன். எங்கோ பிரஷர் குக்கர், ஒரு காகம், பாலத்துக்கு அப்பால் ரயில். அழகுதான். ஆனால் அக்காவுக்கு ஆகாத அழகு.

கேப்காரரின் 'கையோட'தான் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்திம்பேரின் கை, காரைக் கிளப்பியதும் முதலில் எங்கே போகும்? டாஷ்போர்டு பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். ஒருநாளும் தவறியதில்லை.

இரட்டைப் பக்க டேப் வாங்கியாயிற்று. வரும் ஞாயிறு, அவர் செருப்பு மாட்டுவதற்குள் பிள்ளையாரை அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் குடியேற்றிவிடப் போகிறேன்.