பண்டாரி வீட்டுச் சாப்பாடு

என் அத்தா கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்குகிற பண்டாரி. நெல்லித்தோப்பில் யாரிடமாவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், முதலில் அவர் கைப்பக்குவத்தை மெச்சிவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அந்தக் கையால் வீட்டில் நாங்கள் என்ன பாடு பட்டோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மா துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அத்தாவுக்குக் கல்யாண வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பார். அம்மா விடியலில் எழுந்து எதையாவது ஆக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் விடமாட்டார். "பண்டாரி ஊட்ல அவசரத்துல ஆக்கி வச்சத துன்றதா? நவுரு" என்று அடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் பழகியவர் நான்கு பேருக்கு ஆக்கினால் எப்படி இருக்கும்? உப்பைக் கையால் அள்ளிப் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ஸ்பூன் என்று ஒன்று எங்கள் சமையலறையில் இருந்ததே அவருக்குத் தெரியாது. அடுப்பைச் சிறிதாக எரிய விட மனசு வராது. மீன் குழம்பைச் சோறு கிளறுகிற மாதிரி கிளறுவார். பிறகு குழம்பில் மீனை நாங்கள் தேட வேண்டும், முள் மட்டும் தானாகக் கிடைக்கும். உப்புமாவுக்குத் தம் போட்ட மனிதர் அவர். மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. திறந்த பிறகு அதைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தோம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஊர்க்காரர்களின் பொறாமையைத்தான் பொறுக்க முடியவில்லை. காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், கூடப் படித்த ஒருத்தி "பண்டாரி பொண்ணு டிபன் பாக்ஸ்டி!" என்று கத்திக்கொண்டே அதைப் பிடுங்கினாள். நான்கு பேர் அதில் கையை விட்டார்கள். ஒரு வாய்க்கு மேல் யாரும் எடுக்கவில்லை. பிடுங்கியவள் பாக்ஸை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "இத நீ செஞ்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? இரண்டு வருடமும் சமைக்கத் தெரியாதவள் என்று என்னைக் கேலி செய்தார்கள். அத்தா பெயரைக் காப்பாற்ற என் பெயர் போனது.

சரி, அந்தப் பேர்பெற்ற பிரியாணியையாவது வாரம் ஒரு தடவை சாப்பிட்டிருப்பாயே என்று கேட்பீர்கள். அங்கேதான் வயிறு எரிகிறது. கல்யாண வீட்டிலிருந்து அத்தா ஒரு பருக்கை கொண்டுவந்ததில்லை. அவர்களே தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். "அடுத்தவங்க நம்மள நம்பி ஒப்படைச்ச சாமான். அது நம்ம ஊட்டுக்கு வரக் கூடாது" என்பார். பத்திரிகை வைத்து அழைத்தவர்கள் கல்யாணத்தில் போய்ச் சாப்பிடலாம் என்றால் அதற்கும் தடை. பண்டாரி தன் வீட்டு ஆட்களுக்குக் கறியாகப் பார்த்துப் போட்டான் என்று நாலு பேர் பேசுவார்களாம். அம்மாவும் நானும் தம்பியும் போய் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம். மண்டபத்துப் பிரியாணி வாசனை துணியில் ஒட்டியிருக்க, அத்தா விடியலில் ஆக்கி வைத்துவிட்டுப் போன தக்காளிச் சோற்றைச் சாப்பிடுவோம். ஊர் இதை நேர்மை என்று மெச்சியது. எனக்கு இது கொடுமையாகத்தான் பட்டது.

என் கல்யாணம் நிச்சயமானபோது நகை, புடவை எதிலும் நான் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அத்தா, இது நம்ம ஊட்டு கல்யாணம். அடுத்தவங்க சாமான் இல்ல. எனக்கு ஒரு தட்டு எடுத்து வச்சிடணும்."

"ஒனக்கு இல்லாததா? தம் ஒடச்சதும் மொத தட்டு ஒனக்குதான்."

கருவடிக்குப்பம் பக்கம் ஒரு மண்டபம். அத்தா நிக்காஹ்வுக்கு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், முடிந்ததும் அடுப்படிக்கு ஓடிவிட்டார். நான் பெண்கள் அறையில் பூவும் நகையுமாக உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து ஒரு டீதான். வேண்டுமென்றேதான் வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்த பெண்கள் எல்லாம் "இன்னா ருசி, இன்னா ருசி" என்றார்கள். என் தட்டு வரவில்லை. மூன்று மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"மாப்ள ஊட்டு வேன் ஒண்ணு லேட்டா வந்துச்சி. எல்லாம் காலி. கடைசி ஆளுக்கு பத்தலன்னு ஒனக்கு வச்சிருந்தத அத்தா குடுத்துட்டாரு."

எழுந்தே விட்டேன். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்து, "கல்யாணப் பொண்ணு, ஒக்காரு" என்றாள். அப்போது அத்தாவே உள்ளே வந்தார், கையில் ஒரு சின்னப் பாத்திரத்தோடு. மிச்சமிருந்த அரிசியையும் நாலு துண்டுக் கறியையும் போட்டு எனக்கென்று தனியாக, அவசரமாக ஆக்கியிருந்தார். திறந்ததும் தீய்ந்த வாசனை வந்தது. ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது. சோறு மேலே குழைந்தும் நடுவில் நறுக்கரிசியாகவும் இருந்தது. சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டுச் சாப்பாடேதான்.

"கேட்டது ஒரே ஒரு தட்டுதான் அத்தா" என்றேன்.

அத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஐநூறு பேருக்கு ஆக்கறேன். நாலு பேருக்கு ஆக்க எனக்கு வரலம்மா. என்னிக்குமே வரல" என்றார்.

அப்படியென்றால் தெரிந்திருக்கிறது! இத்தனை வருடமும் ஒவ்வொரு கவளத்துக்கும் எங்கள் முகம் போன போக்கை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்துவிட்டு, மறுநாளும் போய் அடுப்பின் முன்னால் நின்றிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பொலபொலவென்று அழுதுவிட்டேன். புகுந்த வீட்டுக்குப் போகிற துக்கம் என்று நினைத்து, சுற்றியிருந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அழுதுகொண்டே அள்ளி அள்ளித் தின்றேன். பசியோடு இருந்த பெரியம்மா தனக்கும் ஒரு வாய் கேட்டாள்.

கொடுக்கவில்லை.