மாமாவின் ஐந்தெழுத்துப் புலமை

என் மாமனார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பார்த்தெழுதிய பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்திலிருந்து துரத்தியவர்.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் தினமும் மூன்றாம் முயற்சியில் வென்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நான் தோற்றால், “மருமோன் வாசிக்கிறேல்லை” என்று கனடாவிலுள்ள சொந்தக்காரருக்கும் அறிவிப்பார்.

இன்று உடுப்பிட்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். நான் தூங்குவதாக நினைத்து, கூகிளில் தேடினார்: நடுவில் ஏ, கடைசியில் டி வரும் ஐந்தெழுத்துச் சொற்கள். பட்டியல் நீளமாக வந்தது.

“என்ன மாமா பாக்கிறியள்?”

“நியூஸ், தம்பி.”

சற்றுநேரத்தில் குழுவில் எழுதினார்: “மூண்டே முயற்சி! எல்லாம் வாசிப்பாலை வந்தது, பிள்ளையள்.”

உண்மையை அங்கேயே போட்டிருப்பேன். ஆனால் நான் குடியிருப்பது அவர் சீதனமாகத் தந்த வீட்டில். அதனால் கைதட்டல் போட்டேன்.

அவர் முகநூலில் இல்லை; அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் இருவரில் யார் கேவலம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.