பேர் சொல்லாமல் விற்ற கிழங்கு

பாப்பாரப்பட்டி சந்தையில் ரோஷன் பீ எந்த மருந்தையும் பேர் சொல்லி விற்றதில்லை. பேர் காதில் விழுந்தால் பலிக்காது என்பது அவள் புருஷன் கவுஸ் பாஷா காலத்து நம்பிக்கை. வாங்குகிறவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். கிழங்குகளைக் காயவைத்து இடித்துப் பொட்டலம் கட்டிவிடுவாள். விரித்த சாக்கில் வலப்பக்கம் உள்ளுக்குக் குடிப்பது, இடப்பக்கம் மேலுக்குப் பூசுவது. கை தானாகப் போகும்.

எழுபத்து நாலில், மழை ஏமாற்றிய வருஷம். எதிர்வெயில் தாங்காமல் ஒரு சந்தையன்று சாக்குக்கு மறுபுறம் போய் உட்கார்ந்தாள். பொட்டலங்களை மாற்றி வைக்கத் தோன்றவில்லை.

மாதப்பன் வந்தான். "பாயம்மா, பொண்டாட்டிக்குப் பாலே ஊறலைங்க. புள்ள கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு."

"ஆட்டுப்பாலுல கலக்கிக் குடு தம்பி. ஆசைப்பட்டு நீ குடிச்சு வெச்சிராத."

பக்கத்து உப்புக்காரன் சென்னப்பன் சிரித்தான்.

அடுத்து ஒருத்தி மூட்டுவலிக்குப் பூச்சு கேட்டாள். எடுத்த பொட்டலம் கொஞ்சம் பிரிந்திருந்தது. வாசனை பிடித்ததுமே ரோஷன் பீக்குத் தெரிந்துவிட்டது. அது பால் ஊறக் கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு. அப்படியென்றால் மாதப்பன் கொண்டுபோனது கண்வலிக் கிழங்கு. உள்ளே போனால் ஆளை முடிக்கும் நஞ்சு.

"சென்னப்பா, அந்த மாதப்பன் எந்த ஊரு?"

"பிக்கிலி ரோட்டுல ஏதோ கொட்டாய். அங்க மாதப்பன்னு கூப்பிட்டா வூட்டுக்கு ஒருத்தன் எட்டிப் பாப்பானே."

சாக்கைப் போட்டது போட்டபடி ஓடினாள். காட்டுக்குள் நாலைந்து வீடாகச் சிதறிக் கிடந்த கொட்டாய் ஒவ்வொன்றிலும் நுழைந்து, "புள்ள பெத்த வூடு எது, பால் ஊறாத வூடு எது" என்று கேட்டாள். ஒரு மாதப்பன் பேரன் பேத்தி எடுத்தவன். இன்னொருவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது. "யா அல்லா, அவ இன்னும் குடிச்சிருக்கக் கூடாது."

கடைசியில் சரியான வாசலை மிதித்தபோது, மாதப்பன் பெண்டாட்டி ராமக்காள் கையில் டம்ளர் இருந்தது. ரோஷன் பீ பாய்ந்து தட்டிவிட்டாள்.

"கண்வலிக் கிழங்கும்மா அது. வெசம். நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

மாமியார் தங்கம்மாள் சீறினாள். "பேரைச் சொல்லி மருந்தைக் கெடுத்துட்டியே, பாவி. பாதிதானே குடிச்சா, இனி எப்படிப் பால் ஊறும்?"

வாந்தி நிற்காமல் போன பிறகுதான் வீட்டார் வண்டி பூட்டினார்கள். தர்மபுரி போகும் வரை ராமக்காளின் தலையை மடியில் தாங்கியிருந்தாள் ரோஷன் பீ. என்ன குடித்தாள் என்று டாக்டர் கேட்டார். பேரைச் சொன்னாள். கொடுத்தது யார் என்பதையும் சொன்னாள்.

ராமக்காள் செத்துப் பிழைத்தாள். ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மொட்டைத் தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்கினாள். அந்தக் கிழங்கின் நஞ்சு அப்படித்தான்.

அடுத்த மாதம் மாதப்பன் சந்தைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று ரோஷன் பீ எழுந்து நின்றாள். அவன் சாக்குக்கு எதிரே குந்தினான்.

"பாயம்மா, முடி வளர ஏதாச்சும் இருக்குதுங்களா? ஆசுபத்திரியில கைய விரிச்சுட்டாங்க. உங்கள விட்டா யாருகிட்டப் போறது?"

அவள் காலடியில் கரிசலாங்கண்ணி கட்டுக்கட்டாகக் கிடந்தது.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல, தம்பி" என்றாள்.